ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன படம் போடலாம்?

தாமிரபரணிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். புரொஜெக்டர் இருக்கிறது. ஜன்னலுக்குப் பழைய மேடைத் திரைத்துணியைக் கட்டிக்கொள்ளலாம். எந்தப் படம் என்பதில்தான் நிற்கிறேன்.

பிள்ளைகள் கேட்பது அடிதடிப் படம். சக ஆசிரியர்கள் சொல்வது, கடைசியில் ஒருவர் வந்து எல்லாரையும் திருத்துகிற படம். எனக்கு இரண்டும் வேண்டாம். இந்த வயதில் பிள்ளைகள் படுகிற பாட்டை உள்ளபடி காட்டுகிற படம் வேண்டும்.

என் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் யோசிக்க வசதியாக இருக்கும். மனப்பாடப் பாட்டை ராகம் போட்டுச் சொல்கிற ஒரு பையன் இருந்தான். குரல் உடைந்ததிலிருந்து எழுந்து நிற்கவே மாட்டேன் என்கிறான். எழுப்பினால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு ஓடுகிறது. கபடியில் ரெய்டு போனால் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள் என்று பேர் வாங்கிய ஒரு பெண், சடங்கு முடிந்து பள்ளிக்கு வந்த பிறகு மைதானத்துக்கே வருவதில்லை. ஃபிளெக்ஸ் போர்டில் படம் போட்டு ஊரைக் கூட்டி விருந்து வைத்த வீடு, விளையாட்டுக்கு மட்டும் வேண்டாம் என்றுவிட்டது. இன்னொருவன் லீவு நாளெல்லாம் வாழைக்காய் சுமக்கப் போகிறான், திங்கட்கிழமை முதல் பீரியடில் தூங்குகிறான், நான் எழுப்புவதில்லை. நடை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது என்பதற்காகப் பட்டப்பெயர் வாங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையும் உண்டு.

பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். யாரும் தலையைக் குனிந்துகொள்ளும்படி ஆகிவிடக் கூடாது. சொல்லுங்கள்.


வைகைக்கரை:

டீச்சர், யோசிக்கவே வேண்டாம், அழியாத கோலங்கள். 1979. பாலு மகேந்திரா தன் பிள்ளைப்பிராயத்தை அப்படியே எடுத்து வைத்திருப்பார். மூன்று பையன்கள், ஒரு ஆறு, ஊருக்குப் புதிதாக வரும் ஒரு டீச்சர். நான் பார்த்தபோது எனக்கும் அதே வயது. படம் விட்டு வெளியே வந்து கூட்டாளிகள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. நமக்குள் நடப்பதெல்லாம் இன்னொருத்தனுக்கும் நடந்திருக்கிறது என்று தெரிந்ததே பெரிய ஆறுதல். அந்தக் கடைசி ஆற்றங்கரைக் காட்சியைப் பற்றி இங்கே சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பார்கள்.

அது பழசு என்றால் 96 என்கிற படத்தைப் போடுங்கள். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம், சைக்கிள், வகுப்பில் பாடுகிற ஜானு. முகம் சுளிக்க வைக்கும் ஒரு காட்சி கிடையாது.


மூன்றாம் வரிசை:

டீச்சர், கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். நண்பர்களோடு சேர்ந்து ஒரு நூலகக் கூடத்தில் படங்கள் திரையிட்டு வருகிறேன், பள்ளிப் பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை அண்ணன் சொன்ன அழியாத கோலங்கள் எனக்கும் உயிர். ஆனால் உங்கள் அறையில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். அவர்கள் அந்தப் படத்தில் எங்கே போய் நிற்பார்கள்? எல்லாவற்றையும் மூன்று பையன்களின் கண்ணால்தான் பார்க்கிறோம். சோபா நடித்த இந்துமதி டீச்சர் அழகாக வருகிறார், போகிறார். தன்னை இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்ததா, தெரிந்தபோது எப்படி இருந்தது என்ற பக்கம் படம் போகவில்லை. அப்புறம், நீங்களும் ஒரு டீச்சர். படத்தைப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை அதே பிள்ளைகள் முன்னால் கரும்பலகையில் எழுதப் போகிறவர் நீங்கள். அதையும் யோசியுங்கள்.

96 நல்ல படம். ஆனால் அது பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறவர்களின் படம். பதினைந்து வயதுக்காரர்களுக்குத் திரும்பிப் பார்க்க இன்னும் எதுவும் சேரவில்லை.

நம் தமிழ்ப் படங்களில் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை இதுதான்: பள்ளிச் சீருடை திரையில் வந்தால் அடுத்த காட்சியில் காதல் வந்துவிடும். 1981-இல் பன்னீர் புஷ்பங்கள், அதே வருஷம் அலைகள் ஓய்வதில்லை. 2002-இல் துள்ளுவதோ இளமை. 2004-இல் காதல். இவற்றில் நல்ல படங்கள் உண்டு. காதல் படத்தின் முடிவை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. ஆனால் காதல் வராத பிள்ளைக்கும் அந்த வயதில் என்னென்னவோ நடக்கிறதே? குரல் உடைகிறது. முகத்தில் பரு வருகிறது. அப்பாவை முதல்முறையாக எதிர்த்துப் பேசத் தோன்றுகிறது. நேற்றுவரை கூட விளையாடியவன் இன்று தள்ளி நிற்கிறான். உங்கள் கபடிப் பெண்ணுக்கு நடந்தது ஒரு முழுப் படத்துக்கான கதை. அதை நம் ஊரில் தாய்மாமன் சீரும் பாட்டுமாகத்தான் எடுத்திருக்கிறார்கள், அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தவர்கள் குறைவு.

அப்படி எடுத்தவர் ஒருவர் அசாமில் இருக்கிறார், ரீமா தாஸ். படம் வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ், 2017. சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கியது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே. தன் சொந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துச் சில வருஷங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். அதனால் அந்தப் பிள்ளைகள் படத்துக்குள்ளேயே வளர்கிறார்கள்.

துனு என்று ஒரு சிறுமி. அப்பா இல்லை. பையன்கள் கூட்டத்தில் அவள் ஒருத்தி. தெர்மாகோலில் கிடார் வெட்டி ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டு கச்சேரி நடத்துகிறார்கள். அவளுக்கு நிஜக் கிடார் ஒன்று வேண்டும், காசு சேர்க்கிறாள். வெள்ளம் வந்து பயிரைக் கொண்டுபோகிறது. அப்புறம் அவள் வயதுக்கு வருகிறாள். சடங்கு நடக்கிறது. சடங்கு முடிந்தும் அவள் பழையபடி பையன்களோடு மரத்தில் ஏறி உட்காருகிறாள். ஊர்ப் பெண்கள் பிடித்துக்கொள்கிறார்கள்: இனி இப்படித் திரியலாமா, பெண்பிள்ளைக்கு அடக்கம் வேண்டாமா என்று. இந்த இடத்தில் அவளுடைய அம்மாவைக் கவனியுங்கள். வயலில் வேலை செய்கிற, நீச்சலைத் தானே மகளுக்குக் கற்றுக்கொடுக்கிற அம்மா. மகளை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார். பெரிய வசனம் பேசுவதில்லை. மகள் மேல் தப்பில்லை என்பதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் காட்சியை ஒரு தடவை பெண்பிள்ளைகள் கூட்டத்தோடு பார்த்தேன். எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். பிறகு பேச உட்கார்ந்தபோது யாரும் சினிமாவைப் பற்றிப் பேசவில்லை. எங்க வீட்ல மாடிக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க, சைக்கிளை எடுத்து அண்ணனுக்குக் குடுத்துட்டாங்க, உளுந்தங்களி குடுத்துக் குடுத்தே உட்காரவெச்சுட்டாங்க என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே போனார்கள். பையன்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் இதையெல்லாம் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள்.

படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்களுக்கு அது வசதி.

இரண்டாவதாக அபராஜிதோ. சத்யஜித் ராய், 1956. அடுத்த வருஷம் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். இதை நான் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வெளியூர் போகப் போகிற பிள்ளைகளுக்குத்தான் சொல்வேன். அப்பு கிராமத்துப் பள்ளியில் நன்றாகப் படித்து, உதவித்தொகை வாங்கி, கையில் ஒரு சிறிய உலக உருண்டையோடு கல்கத்தாவுக்குப் படிக்கப் போகிறான். அம்மா சர்வஜயா தனியாக ஊரில். லீவுக்கு வருகிறவன் தூங்குகிறான், அம்மா ஆசையாகப் பேச வந்தால் கொட்டாவி விடுகிறான். கெட்ட பையன் இல்லை, அவன் மனசு பட்டணத்தில் இருக்கிறது. கல்கத்தாவுக்குத் திரும்புகிற நாள் காலையில் சீக்கிரம் எழுப்பச் சொல்கிறான். அம்மாவுக்கு எழுப்ப மனசு வரவில்லை. அவன் கோபித்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பி ஸ்டேஷனுக்குப் போகிறான். ரயில் வருகிறது. ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, ரயிலை விட்டுவிட்டேன் என்கிறான்.

வளர்வது என்றால் அம்மாவை விட்டு நகர்வதும்தான். அதில் இருக்கிற ஆசையையும் குற்ற உணர்ச்சியையும் ஒரே காட்சியில் இப்படி வைத்த இன்னொரு படத்தை நான் பார்க்கவில்லை. வந்த காலத்தில் வங்காளத்திலேயே படம் ஓடவில்லை. அம்மா தனியாக இருக்கும்போது மகன் இப்படி இருப்பானா என்று ஜனங்களுக்கு ஒப்பவில்லை. ராய் அதை மாற்றாமல் எடுத்தாரே, அதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும்.

குரல் உடைந்த அந்தப் பையனுக்கும் ஒரு படம் சொல்லத் தோன்றுகிறது. விக்ரமாதித்ய மோத்வானியின் உடான், 2010. ஜாம்ஷெட்பூர். கவிதை எழுதுகிற ஒரு பதினேழு வயதுப் பையன், தன்னை 'சார்' என்று கூப்பிடச் சொல்கிற அப்பா. ஆனால் பையன் ஹாஸ்டலிலிருந்து விரட்டப்படுகிற காரணமே ஒளிந்து பார்த்த ஒரு படம். சிகரெட்டும் குடியும் உண்டு. பள்ளியில் போட முடியாது, ப்ளஸ் டூ முடித்த பிறகு பார்க்கச் சொல்லலாம்.

ராமின் பேரன்பு நீங்கள் மட்டும் தனியாகப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் போட வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள மகள் வயதுக்கு வருகிறாள், வளர்க்க அப்பா மட்டும்தான். அப்பாவையே கிட்டே வரவிடாமல் அவள் தடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. உடம்பு வளர்வது அவரவருக்கு எவ்வளவு அந்தரங்கமானது என்று எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.


கரிசல் நிலம்:

காய் சுமக்கப் போகிற பையன் உங்கள் வகுப்பிலேயே இருக்கும்போது வாழை படத்தை யாருமே சொல்லவில்லையே? 2024-இல் மாரி செல்வராஜ் எடுத்தது உங்கள் ஊர் மண்ணைத்தான். சிவனைந்தானுக்குப் பள்ளிக்கூடம்தான் விடுதலை. மற்ற பிள்ளைகள் லீவுக்கு ஏங்கினால் இவன் லீவு முடிவதற்கு ஏங்குகிறான். தார் சுமந்து கழுத்து வலிக்கிற பிள்ளையைத் தமிழ்த் திரையில் அத்தனை பெரிய உருவமாக நான் அதுவரை பார்த்ததில்லை. வளர்கிற வயதுப் பிரச்சினை என்றால் பருவும் காதலும் மட்டும் இல்லை, கடனும் கூலியும்கூட.

ஃபன்ட்ரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாகராஜ் மஞ்சுளே, மராத்தி, 2013. வகுப்பில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போன ஜப்யா, தன் குடும்பம் ஊருக்குள் பன்றி பிடிக்கிற குடும்பம் என்பதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று ஒளிந்து ஒளிந்து நிற்கிறான். பன்றியை மடக்கிவிட்ட நேரத்தில் பக்கத்துப் பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கிறது. குடும்பமே அசையாமல் நிற்கிறது, பன்றி நடந்து போய்விடுகிறது. கடைசியில் அவன் எறிகிற கல் நேராக நம்மை நோக்கி வருகிறது. அந்தக் கல்லைப் பற்றி ஒரு வாரம் பாடம் நடத்தலாம்.


மூன்றாம் வரிசை:

கரிசல் அண்ணாச்சி, இரண்டும் மகத்தான படங்கள், மறுப்பே இல்லை. ஒரே ஒரு கவலை. வாழை படத்தில் வரும் லாரி விபத்து மாரி செல்வராஜின் சிறுவயதில் அந்தப் பக்கம் உண்மையாகவே நடந்ததை வைத்து எடுத்தது. டீச்சரின் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் எந்த வீட்டில் யாரை இழந்தார்கள் என்று தெரியாது. ஃபன்ட்ரியும் அப்படித்தான். வகுப்பில் ஜப்யாவின் நிலைமையில் இருக்கிற பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எப்போது சிரிப்பான் என்று பயந்துகொண்டே பார்க்கும். முதல் படமாகவே அதைப் போட்டால் அந்தப் பிள்ளைக்கு அது தண்டனையாகிவிடும். பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்த்துப் பேசப் பழகட்டும், அப்புறம் போடலாம்.


நெல்லைச் சீமை:

டீச்சர், நான் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். பள்ளிக்கூடம் முடித்து அதிக நாள் ஆகவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் படித்தபோது ஒரு அக்காவும் ஒரு அண்ணனும் பேசிக்கொண்டு நின்றதை யாரோ போனில் படம் எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார்கள். அந்த அக்கா அதற்கப்புறம் பள்ளிக்கே வரவில்லை. எடுத்து அனுப்பியது யார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எங்களைத்தான் மைதானத்தில் நிற்கவைத்து ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். அதனால் ரீமா தாஸின் அடுத்த படமான புல்புல் கேன் சிங் பார்த்தபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. 2018-இல் வந்தது. அதிலும் இதே மாதிரி, சில ஆண்கள் பிள்ளைகளை வழிமறித்து அடித்து வீடியோ எடுக்கிறார்கள், பள்ளிக்கூடம் பிள்ளைகளைத்தான் வெளியே அனுப்புகிறது. அந்தப் படத்தில் சுமு என்று ஒரு பையன், உங்கள் வகுப்பில் பட்டப்பெயர் வாங்குகிற பிள்ளை மாதிரியே. அவனுக்கு இரண்டு தோழிகள் இருக்கிறார்கள், அவர்களோடு இருக்கும்போது மட்டும் அவன் முகம் தெளிவாக இருக்கும்.

ஆனால் அதை வகுப்பில் போட்டுவிடாதீர்கள். அதில் ஒரு பிள்ளை உயிரை விட்டுவிடுகிறாள். யார் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், கூட இருந்து பேச ஆள் இல்லாமல் அதைக் காட்டக் கூடாது. நீங்கள் பாருங்கள், முடிந்தால் மற்ற ஆசிரியர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். போன் விஷயத்தைப் பேச வேண்டும் என்றால் பாலாஜி சக்திவேலின் வழக்கு எண் 18/9 இருக்கிறது, 2012. அதில் ஃபிளாட்டில் குடியிருக்கிற ஒரு பையன் நல்ல பையனாகவே நடந்துகொண்டு ரகசியமாகப் படம் பிடிப்பான். ப்ளஸ் டூவுக்குச் சரி, ஆசிட் காட்சி இருப்பதால் ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம்.

என் ஓட்டு துனுவுக்கு. கெஞ்சிக் கேட்கிறேன், படம் முடிந்ததும் யாரும் மைக் பிடித்து இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் எல்லாரும் பரீட்சைப் பதில்தான் சொல்வோம்.


தாமிரபரணிக்காரி:

எல்லாருக்கும் மனசார நன்றி. நேற்று இரவு வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ் பார்த்தேன். அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். கரிசல் அண்ணாச்சி சொன்னது மனசிலேயே இருக்கிறது. காய் சுமக்கிற பையனிடம் வாழை பார்த்தாயா என்று விசாரித்தேன். பார்த்தானாம். நல்லாருந்துச்சு டீச்சர், ஆனா எங்கம்மா பாதியிலயே எந்திச்சுப் போயிட்டாவ என்றான். அதனால் அதை இப்போதைக்குத் தொடவில்லை.

இப்போது இரண்டு சிக்கல். படம் அசாமிய மொழி, அடியில் ஓடுவது ஆங்கிலம். பாதிப் பிள்ளைகளால் அந்த வேகத்துக்கு வாசிக்க முடியாது. இரண்டாவது, கபடிப் பெண்ணின் அம்மாவையும், இன்னும் சில அம்மாக்களையும் அன்றைக்கு அழைக்கலாமா என்று ஆசையாக இருக்கிறது.


மூன்றாம் வரிசை:

வசனம் குறைவான படம், பயப்படாதீர்கள். நாங்கள் செய்வது இதுதான்: முன்கூட்டியே ஒரு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆங்கில வரிகளை நம் பேச்சில் எழுதிக்கொள்வோம். திரையிடும்போது அறையின் பின்பக்கம் நின்று வாசிப்போம். முன்பக்கம் நின்றால் பிள்ளைகள் உங்களைப் பார்ப்பார்கள். நடித்துக் காட்ட வேண்டாம், யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் போதும். எல்லா வரியையும் வாசிக்கவும் வேண்டாம், பிள்ளைகள் தெர்மாகோல் கச்சேரி செய்யும்போது என்ன பேசினாலும் புரிந்துவிடும். மரத்தடியில் அம்மா பேசுகிற இடத்தை மட்டும் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். ஸ்பீக்கர் சத்தத்தைப் பாதியாக வையுங்கள், இல்லையென்றால் உங்கள் குரல் கேட்காது.

இன்னொரு யோசனை. வாசிப்பதை நீங்களே செய்யாமல், முன்பு ராகம் போட்டுப் பாடிய அந்தப் பையனிடம் தாளைக் கொடுத்துப் பாருங்களேன். பின்னால் இருட்டில் நிற்பான், யாரும் அவன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.


நெல்லைச் சீமை:

அம்மாக்களைப் பற்றி: அன்றைக்கு வேண்டாம் டீச்சர். அம்மா பக்கத்தில் இருந்தால் நாங்கள் வாயே திறக்க மாட்டோம், பையன்களும் பேச மாட்டார்கள். அம்மாக்களுக்கு வேறொரு நாள் தனியாகப் போடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களும் வர முடியும். பெற்றோர் கூட்டம் என்று சொல்லாதீர்கள், மார்க்கைப் பற்றித் திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வராமல் இருந்துவிடுவார்கள். படம் போடுகிறோம், வாங்க என்று அந்தப் பெண்ணையே போய் அவள் அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள்.


தாமிரபரணிக்காரி:

சரி, அப்படியே செய்கிறேன். தாளை அவனிடம் கொடுத்துப் பார்க்கிறேன், மாட்டேன் என்றால் நான் வாசித்துக்கொள்கிறேன். அம்மாக்களுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். தலைமையாசிரியரிடம் நாளைக்கே கேட்டுவிடுகிறேன்.